பறக்கும் விமானத்தில் விமானி அறைக்குள் பிள்ளைகளை விடலாமா? வாகைக்குளம் பயணத்தில் எழுந்த கேள்வி

#1 வண்ணார்பேட்டை அம்மா

போன சனிக்கிழமை சென்னையிலிருந்து வாகைக்குளத்துக்கு, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்துக்கு, மகனைக் கூட்டிக்கொண்டு விமானத்தில் வந்தேன். எட்டு வயது. முதல் விமானப் பயணம் என்பதால் ஒரு வாரமாகவே அவனுக்குத் தூக்கம் இல்லை. மற்றப் பிள்ளைகள் ஜன்னல் ஓரம் கேட்பார்கள். இவனோ பெல்ட் விளக்கு அணைந்ததும் பணிப்பெண்ணிடம், "அக்கா, ஓட்டுகிறவர் இருக்கும் அறையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

அந்தப் பெண் முகம் கோணாமல், "பறக்கும்போது யாரையும் உள்ளே விட மாட்டோம், கண்ணா" என்று சொல்லி ஒரு சாக்லேட் கொடுத்தார். அவன் அதைப் பிரிக்கவே இல்லை. இறங்கும்வரை உள்ளங்கைக்குள் இறுக்கி வைத்திருந்தான். வீட்டுக்கு வந்து கையை விரித்தபோது காகிதத்துக்குள் கூழாகக் கிடந்தது.

பின் இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர், "எங்கள் காலத்தில் கேட்டால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். இப்போது எதற்கெடுத்தாலும் கெடுபிடி" என்றார். அதைக் கேட்டதிலிருந்து, தான் சின்னப் பையன் என்பதால்தான் விடவில்லை என்று மகன் நம்புகிறான்.

இன்னும் இரண்டு வாரத்தில் மறுபடி சென்னைக்குப் போகிறோம். இது சட்டமா, அன்றைக்கு வேலையில் இருந்தவர்களின் முடிவா? திரும்பக் கேட்பது தவறா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ரெட்டியார்பட்டிக்காரன்

கேட்பதில் தவறே இல்லை, அக்கா. கேட்காத பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது. என் நண்பனின் தம்பி பெங்களூரில் இறங்கும்போது விமானி இருக்கையிலேயே உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறான். நானே பார்த்தேன் அந்தப் படத்தை. ஆளைப் பொறுத்தது.

#3 களக்காட்டுப் பொறியாளன்

தம்பி, 'இறங்கும்போது' என்ற சொல்லில்தான் சிக்கல். விமானம் இறங்கும்போதா, ஆட்கள் இறங்கும்போதா? இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சட்டமே இருக்கிறது.

நான் பதினான்கு ஆண்டுகளாக விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி இதுதான்: பயணிகள் ஏறி முடித்து வெளிக்கதவுகள் எல்லாம் சாத்தப்பட்ட நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் ஆட்கள் இறங்குவதற்காக ஒரு வெளிக்கதவு திறக்கப்படும்வரை விமானி அறைக் கதவு மூடிப் பூட்டியிருக்க வேண்டும். உரிமை உள்ளவர்கள் போய்வர மட்டும் திறக்கலாம். பணியில் இருக்கும் ஊழியர்கள், சோதனைக்கு வரும் அரசு அதிகாரிகள், முறைப்படி முன் அனுமதி பெற்றவர்கள், அவ்வளவுதான். நம் நாட்டில் இதைக் கண்காணிப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். ஆகவே அந்தப் பணிப்பெண் மறுத்தது அவருடைய சொந்த முடிவு அல்ல. கேப்டனே ஆசைப்பட்டாலும் பறக்கும்போது உங்கள் மகனை உள்ளே கூப்பிட முடியாது. வயதுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று பையனிடம் சொல்லுங்கள், சகோதரி. ஊர்ப் பெரிய மனிதர் கேட்டிருந்தாலும் இதே பதில்தான்.

கதவும் சாதாரணக் கதவு அல்ல. 2003 நவம்பர் 1 முதல், 45,500 கிலோவுக்கு மேல் எடையுள்ள அல்லது 60 இருக்கைக்கு மேல் உள்ள பயணிகள் விமானங்களில், துப்பாக்கிக் குண்டையும் கையெறி குண்டின் சிதறலையும் தாங்கும் கதவு கட்டாயம். வாகைக்குளத்துக்கு வரும் ஏடிஆர் 72 என்ற சிறிய விசிறி விமானம் எடையில் அந்த அளவில் பாதிதான் தேறும். இருக்கைக் கணக்கில் விதிக்குள் வந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏர்பஸ் என்ற பெரிய விமானத்தில் முன்கதவு வழியாக ஏறும்போது இடப்பக்கம் தலையைத் திருப்பினால் விமானி அறை கண்ணில் படும். ஏடிஆரில் நாம் ஏறுவது வால் பக்கம். முதல் வரிசைக்கும் விமானி அறைக்கும் நடுவில் பெட்டிகளை அடுக்கும் இடம் வேறு இருக்கிறது. உங்கள் மகன் பார்க்க ஆசைப்பட்டது, அந்த விமானத்திலேயே பயணிகளுக்கு மிகத் தொலைவான இடத்தை.

#4 மேலப்பாளையத்தான்

பின் இருக்கைப் பெரியவர் சொன்னது பொய் அல்ல, ராத்தா. நானே சாட்சி.

1993. எனக்குப் பத்து வயது. வாப்பா வளைகுடாவில் வேலை பார்த்தார்கள். உம்மாவும் நானும் பள்ளி விடுமுறைக்குப் போய் இருந்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு விமானம். பணிப்பெண் ஒருவர் வந்து, "கேப்டனைப் பார்க்கிறாயா?" என்று தானாகவே கேட்டார். உம்மா வேண்டாம் என்று சொல்வதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது இருட்டு. பயணிகள் பக்கம் விளக்கு எரிகிறது, உள்ளே அமாவாசை. கண் பழகப் பழகத்தான் பச்சையும் ஆரஞ்சுமாகச் சின்னச் சின்ன வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன, தலைக்கு மேலேகூட. காப்பி வாசனை அடித்தது. கேப்டன் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். கீழே கறுப்பாகக் கடல். அதில் ஒரே ஒரு கப்பல், ஊசிமுனை அளவு வெளிச்சம். எதிரே வெகு தொலைவில், மலையாளக் கரைக்கு மேலே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. இடி ஓசை இல்லை. மேகத்தின் வயிற்றுக்குள் யாரோ விளக்கை ஏற்றி ஏற்றி அணைப்பதுபோல் இருந்தது. "அதைச் சுற்றிக்கொண்டுதான் உன்னை ஊருக்குக் கொண்டுபோகப் போகிறேன்" என்றார்.

முப்பது ஆண்டு தாண்டிவிட்டது. அந்த மின்னல் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அப்படிப் பார்த்தோம். ஒரு விமானமும் அதனால் விழவில்லையே.

#5 காரையாறு பஸ்

மகளே, நான் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் முப்பத்தோரு ஆண்டு ஸ்டியரிங் பிடித்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு மலை மேல் விட்ட பஸ். திரும்பி இறங்குகிறோம். நிற்க இடமில்லாத கூட்டம். என் பக்கத்தில் என்ஜின் பானெட் மேல் ஒரு தாய், மடியில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை. அந்த இடத்தில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். "ஓட்டுநருடன் பேசாதீர்" என்று தலைக்கு மேலே எழுதியும் இருந்தது. பிள்ளைக்காரி, பாவம் என்று விட்டுவிட்டேன். பிள்ளை கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஒரு வளைவில் பிள்ளையின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி விழுந்து உருண்டு வந்து என் பிரேக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மிதிக்கிறேன், பாதிக்கு மேல் போகவில்லை. பிளாஸ்டிக் நெரிகிற சத்தம் மட்டும் கேட்கிறது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, பாறைப் பக்கம் அணைத்து வண்டியை நிறுத்தும்போது எனக்கு வேட்டியைப் பிழிந்ததுபோல் வியர்த்துவிட்டது. மொத்தம் ஏழெட்டு நொடி இருக்கும். வண்டிக்குள் ஒருவருக்கும் தெரியாது. சாமி பாட்டுப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை. பாட்டில் கை நழுவியது, அவ்வளவுதான். குற்றம் என்னுடையது. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை பானெட் மேல் ஒரு குஞ்சைக்கூட உட்கார விட்டதில்லை. திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

#6 ரெட்டியார்பட்டிக்காரன்

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் பஸ்ஸும் விமானமும் ஒன்றாகுமா? அங்கே வளைவு இல்லை, எதிரே லாரி இல்லை. மேலே போய்விட்டால் தானியங்கிக் கருவிதான் ஓட்டுகிறது. இரண்டு விமானிகள் வேறு. ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் நின்று பார்ப்பதால் என்ன குடி முழுகிவிடும்?

#7 பொதிகைச்சாரல்

"தானியங்கிக் கருவிதான் ஓட்டுகிறது" என்ற அதே நம்பிக்கையில்தான் 75 பேர் செத்தார்கள், தம்பி. மேலப்பாளையத்துச் சகோதரருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒரு விமானமும் விழவில்லை என்றீர்கள். விழுந்திருக்கிறது.

1994 மார்ச் 23. மாஸ்கோவிலிருந்து ஹாங்காங்குக்குப் போன ஏரோஃப்ளோட் விமானம், ஏர்பஸ் ஏ310. சைபீரியாவுக்கு மேலே நள்ளிரவு தாண்டிய நேரம். கேப்டன் தன் மகளையும் பதின்பருவ மகனையும் அறைக்குள் அழைத்துத் தன் இருக்கையில் உட்கார வைக்கிறார். முதலில் மகள். அப்பா தானியங்கிக் கருவியின் திசைக் குமிழைக் கொஞ்சம் திருகுகிறார். விமானம் சாய்கிறது. தானே திருப்பியதாகப் பெண்ணுக்கு மகிழ்ச்சி. பெற்றவர்கள் யாரும் செய்கிற காரியம்தான். நம் வயல்களில் டிராக்டர் ஸ்டியரிங்கில் பிள்ளையின் கையை வைத்துப் பிடித்துக்கொள்கிறோமே, அது போல.

அடுத்து மகன். அவன் பலமாகத் திருப்பினான். அரை நிமிடம் போல அந்த அழுத்தம் நீடித்ததும், தானியங்கிக் கருவி இறக்கைகளைச் சாய்க்கும் வேலையை மட்டும் கைவிட்டுவிட்டது. மற்ற வேலைகளைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது. கைவிட்டதற்கு அடையாளமாக ஒரு சிறிய விளக்கு எரிந்தது. ஒலி எதுவும் இல்லை. சோவியத் விமானங்களில் ஒலி கேட்டே பழகிய விமானிகள் அந்த விளக்கைக் கவனிக்கவில்லை. விமானம் மெல்லச் சாய்ந்துகொண்டே போனது. "ஏன் திரும்புகிறது?" என்று முதலில் கேட்டது அந்தப் பையன்தான். பெரியவர்கள் திரையில் தெரிந்த வளைகோட்டைப் பார்த்து, வானில் வட்டமிடும் பாதை என்று நினைத்தார்கள். பிறகு சாய்வு எல்லை மீறியது. உடல் எடை பல மடங்காகி எல்லோரையும் இருந்த இடத்தில் அழுத்தியது. பையனால் எழுந்திருக்க முடியவில்லை. அப்பாவால் தன் இருக்கைக்குப் போக முடியவில்லை. ஒரு முறை விமானத்தை நிமிர்த்தினார்கள், மறுபடி விழுந்தது. பயணிகள் 63, ஊழியர்கள் 12. ஒருவரும் பிழைக்கவில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களுக்கு இந்த விபத்தைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பையனின் கேள்வியில் என் குரல் நின்றுவிடும். அறையில் இருந்தவர்களில் சரியாகக் கவனித்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு அங்கே உட்கார உரிமை இல்லை. அந்த இருக்கையில் உட்கார உரிமை உள்ளவரோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இன்னொன்று, 2000 டிசம்பர் 29, லண்டனிலிருந்து நைரோபிக்குப் போன போயிங் 747. மனநிலை பிறழ்ந்த பயணி ஒருவர் விமானி அறைக்குள் நுழைந்து கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்து இழுத்துவிட்டார். ஏறத்தாழ 400 பேருடன் விமானம் ஆயிரக்கணக்கான அடி சரிந்தது. விமானிகள் போராடி அவரை இழுத்துப்போட்டு மீட்டார்கள். நியூயார்க் கோபுரங்கள் விழுவதற்கு ஏறக்குறைய எட்டரை மாதம் முன்பு நடந்தது இது. பயங்கரவாதிகளுக்காக மட்டும் போட்ட பூட்டு என்று இதை நினைக்க வேண்டாம்.

#8 வல்லநாட்டு வெளிமான்

எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். 2015 மார்ச் 24-ஐ மறந்துவிட்டீர்களா? பார்சிலோனாவிலிருந்து டுசெல்டார்ஃபுக்குப் போன ஜெர்மன்விங்ஸ் விமானம். கேப்டன் வெளியே வந்த நேரம் பார்த்துத் துணை விமானி உள்ளே பூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் கொண்டுபோய் மோதினார். 150 உயிர்கள். கேப்டன் கதவை உடைக்கப் பார்த்தும் முடியவில்லை. எந்தக் கதவு நம்மைக் காக்கும் என்கிறீர்களோ, அந்தக் கதவுதான் அவர்களைக் கொன்றது. யாராவது உள்ளே போய்வரும் பழக்கம் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

#9 களக்காட்டுப் பொறியாளன்

வேதனையான உண்மை, அண்ணாச்சி. மறுக்க மாட்டேன். அந்தக் கதவின் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது அந்த விபத்து விசாரணையில் ஊருக்கே தெரிந்துபோனது, அதனால் சொல்கிறேன். வெளியே எண் பலகை இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் மயங்கிவிட்டால் ஊழியர்கள் அவசர எண்ணை அழுத்தலாம். உள்ளே ஒலி எழும். யாரும் மறுக்காவிட்டால் சிறிது நேரத்தில் கதவு விடுபடும். உள்ளே இருப்பவர் மறுத்தால் திறக்காது. அன்று அவர் மறுத்தார்.

ஆனால் அதற்கு மருந்து பயணிகள் வந்து போவது அல்ல. விமானி ஒருவர் கழிவறைக்குப் போனால் பணியாளர் ஒருவர் உள்ளே போய் நிற்க வேண்டும், தனியாக ஒருவரை விடக் கூடாது. பல நாடுகளில் இந்த விதியை அந்த விபத்துக்குப் பிறகு கொண்டுவந்தார்கள். உள்ளே நிற்பவர் பயிற்சி பெற்றவர், பெயரும் பொறுப்பும் உள்ளவர். பத்து வயதுப் பிள்ளை நின்றால் அந்தத் துணை விமானி மனம் மாறியிருப்பார் என்று உங்களால் சொல்ல முடியுமா?

ரெட்டியார்பட்டித் தம்பி சொன்ன "மேலே போய்விட்டால்" என்பதற்கும் ஒரு வார்த்தை. 10,000 அடிக்குக் கீழே இருக்கும்போது, வேலைக்குத் தொடர்பில்லாத ஒரு சொல்லையும் விமானிகள் பேசக் கூடாது. 1974-ல் அமெரிக்காவின் சார்லட் நகரில் இறங்க வந்த விமானம் ஒன்று, விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்ததில் உயரத்தைக் கவனிக்காமல் தரையில் மோதியது. 1981-ல் அமெரிக்கா இந்த விதியை எழுதியது. பிறகு உலகமே எடுத்துக்கொண்டது. வாகைக்குளம் சென்னைப் பயணமே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஏறுவதையும் இறங்குவதையும் கழித்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது?

#10 மேலப்பாளையத்தான்

ரஷ்ய விமானத்தின் கதையை நேற்றிரவு முழுதும் தேடிப் படித்தேன். தூங்க முடியவில்லை.

ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று நான் உள்ளே நுழைந்ததும் கேப்டன், "இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்" என்றார். ஓதப் போன இடத்தில் உஸ்தாத் சொல்வதுபோல் மரியாதைக்காகச் சொன்னார் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

அந்த மின்னல் எனக்குக் கிடைத்தது என் நல்ல காலம். என் மகனுக்காகப் பறக்கும்போது கதவைத் திறக்கச் சொல்லி இனிக் கேட்க மாட்டேன்.

#11 நாங்குநேரி டீச்சர்

எனக்கு இதில் வேறு ஒரு கோபம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் துபாயிலிருந்து டில்லிக்கு வந்த விமானத்தில் விமானி ஒருவர் தன் தோழியை அறைக்குள் உட்கார வைத்தார். புகார் கொடுத்தது விமானப் பணியாளர். விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம், விமானிக்கு மூன்று மாதம் உரிமம் நிறுத்தம், பக்கத்தில் பேசாமல் இருந்த துணை விமானிக்கும் எச்சரிக்கை. அந்தக் கடைசித் தண்டனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரியவர் செய்கிறார், நமக்கென்ன என்று இருந்ததும் குற்றம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் சொல்ல வருவது இது. பறக்கும்போது மூடியிருக்கும் கதவு எல்லோருக்கும் மூடியிருக்க வேண்டும். அதிகாரியின் பிள்ளைக்கு, விமானியின் தோழிக்கு, படம் எடுத்துப் போடுகிற பிரபலத்துக்கு என்று சந்து விட்டால், வண்ணார்பேட்டைப் பையனிடம் "விதி" என்று சொல்லும் யோக்கியதை யாருக்கும் கிடையாது. தரையில் நிற்கும்போது திறக்கலாம் என்றால் அதையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும்.

என் வகுப்பில் முப்பத்தாறு பேர். மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதனை நடப்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மேலே ஏடிஆர் போனால் கணக்குப் பாடம் அப்படியே நின்றுவிடும். விமானத்துக்குள் கால் வைத்தவர்கள் ஒருவரும் இல்லை. வாகைக்குளத்தில் புது முனையம் 2025 ஜூலை 26-ல் திறந்தார்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள். இவ்வளவு செய்தவர்கள் மாதம் ஒரு நாள், நின்றுகொண்டிருக்கும் ஒரு விமானத்தின் விமானி அறையை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஏற்பாடு செய்யக் கூடாதா? பாதுகாப்புச் சோதனை வேண்டுமா, செய்யட்டும். பெயர்ப் பட்டியல் வேண்டுமா, ஒரு மாதம் முன்னால் தருகிறேன். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்பும் ஆசிரியர்கள் தனி அஞ்சலில் எழுதுங்கள்.

#12 வள்ளியூர், முன்னாள் பணிப்பெண்

ஒன்பது ஆண்டு வேலை பார்த்தேன். வண்ணார்பேட்டை அக்கா கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன்.

பிள்ளை ஒருமுறை கேட்டால் எங்களுக்கு மகிழ்ச்சிதான். பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, கதவுப் பக்கமே போய் நின்றாலோ நாங்கள் கவனிக்கத் தொடங்கிவிடுவோம். அப்படிக் கவனிக்கத்தான் பயிற்சி. கதவை உடைக்க முயன்றால் இந்திய விதிப்படி மிகக் கடுமையான குற்றம்; குறைந்தது இரண்டு ஆண்டு விமானத்திலேயே ஏற முடியாது. வேண்டுமென்று செய்கிறவர்கள் குறைவு. முதல் முறை வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நம் பக்கத்து ஆட்கள், கழிவறை என்று நினைத்து விமானி அறைக் கதவில் கை வைத்துவிடுவார்கள். ஏர்பஸ்ஸில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு பெரியவர் அப்படிச் செய்துவிட்டு, நாங்கள் நான்கு பேர் ஓடிவந்ததைப் பார்த்துக் கை நடுங்க நின்றார். என் சொந்தத் தாத்தா போல இருந்தார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சரியான கதவைக் காட்டினேன். வீட்டில் முதியவர்களை அனுப்புகிறவர்கள் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

தரையில் நிற்கும்போது கேட்பதானால், ஏறும்போது கேட்காதீர்கள். அப்போது விமானிகளுக்குக் கணக்குப் பார்க்கும் நேரம். போய்ச் சேர்ந்து, என்ஜின் அணைந்து, எல்லோரும் இறங்கும்வரை இருக்கையிலேயே இருந்து, கடைசியாகக் கேளுங்கள். நிறுவனம் அனுமதித்து, கேப்டனுக்கும் நேரம் இருந்தால் கூப்பிடுவார். ஏடிஆர் அரை மணிக்குள் மறுபடி கிளம்பிவிடும் என்பதால் பெரும்பாலும் நேரம் இருக்காது.

நான் பார்த்தவரையில் பலித்த வழி ஒன்று உண்டு. பையனை ஒரு தாளில் கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். ஏறும்போது பணியாளரிடம் கொடுங்கள். கதவு சாத்துவதற்கு முன் விமானியிடம் போய்விடும்.

#13 காரையாறு பஸ்

வள்ளியூர் மகள் சொன்னது நல்ல யோசனை. பையனை எழுதச் சொல்லம்மா.

#14 வண்ணார்பேட்டை அம்மா

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்றுச் சென்னை வந்து சேர்ந்தோம்.

நான்கு கோடு நோட்டிலிருந்து ஒரு தாள். மூன்று கேள்வி. எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து நோட்டே மெலிந்துவிட்டது. வாகைக்குளத்தில் ஏறும்போது பணிப்பெண்ணிடம் கொடுத்தான். வழி முழுக்க ஜன்னலைப் பார்க்காமல் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். சென்னையில் எல்லோரும் இறங்கும் நேரம் அந்தப் பெண் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். துணை விமானி தமிழர் போலிருக்கிறது. மறுபக்கத்தில் தமிழில் எழுதியிருந்தார்.

"மழை பெய்தால் கண்ணாடியை யார் துடைப்பார்கள்?" என்ற கேள்விக்கு: "பஸ்ஸில் இருப்பது போலவே வைப்பர் இருக்கிறது. எனக்கு ஒன்று, கேப்டனுக்கு ஒன்று."

"உங்களுக்கும் சாண்ட்விச்தானா?" என்பதற்கு: "நானும் கேப்டனும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட மாட்டோம். ஒருவருக்கு வயிறு கெட்டால் மற்றவர் ஓட்ட வேண்டுமே."

மூன்றாவது கேள்விக்கு "இது நல்ல கே" என்று தொடங்கி அதோடு நிற்கிறது. வேலை வந்திருக்கும். அந்தப் பாதி எழுத்தைத்தான் மகன் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறான். கேள்வி இது: மேகத்துக்குள் போகும்போது எதிரே இன்னொரு விமானம் வந்தால் எப்படித் தெரியும்? களக்காட்டு அண்ணன் சொல்ல முடியுமா?

#15 களக்காட்டுப் பொறியாளன்

பையனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தம்பி, நீ வந்தது போன்ற பயணிகள் விமானங்களில் ஒரு கருவி இருக்கிறது. "யார் அங்கே?" என்று ரேடியோவில் கேட்டுக்கொண்டே போகும். பக்கத்தில் இருக்கும் விமானத்தின் கருவி "நான் இருக்கிறேன், இவ்வளவு உயரத்தில் இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். மேகமோ இருட்டோ அதற்குத் தடை இல்லை. மிக நெருங்கினால் விமானி அறையில் ஒரு குரல் எச்சரிக்கும். இன்னும் நெருங்கினால் ஒரு விமானியிடம் "மேலே ஏறு" என்றும் மற்றவரிடம் "கீழே இறங்கு" என்றும் சொல்லும்.

#16 வண்ணார்பேட்டை அம்மா

படித்துக் காட்டினேன். உடனே கேட்கிறான்: இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் "மேலே ஏறு" என்று சொல்லிவிட்டால்?

#17 களக்காட்டுப் பொறியாளன்

அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் உலகத்தில் வேறு எதற்கும் இல்லாத ஓர் எண் உண்டு. கருவிகள் தங்கள் முடிவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். இரண்டும் ஒரே முடிவை எடுத்திருந்தால், பெரிய எண் உள்ள விமானம் தன் முடிவை மாற்றிக்கொள்ளும்.